அட்டையும் துளையும் – 4: எழுபத்திரண்டு மணி நேரம்

போன வாரம் ஹெர்மன் ஹாலரித்தை பால்டிமோர் நகரத்தின் இறப்புப் பதிவேடுகளுக்கு நடுவே, வலிக்கிற கையோடு விட்டுவிட்டு வந்தோம்.

புதிதாக வண்டியில் ஏறியவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. பத்து வருடத்துக்கு ஒருமுறை மக்கள் தலையை எண்ணச் சொல்கிறது அமெரிக்க அரசியல் சாசனம். கீழ்ச்சபையில் எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம் என்பதே அந்தக் கணக்கைப் பொறுத்தது. 1880-ல் எண்ணியபோது 5,01,89,209 பேர். வீடு வீடாகப் போய் எழுதிவந்த வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. எழுதி வந்ததை வகை பிரித்துக் கூட்டி அட்டவணை போடத்தான் ஏழெட்டு வருடம் இழுத்தது. குமாஸ்தாக்கள் பெரிய தாள்களில் ஆளுக்கொரு கோடு கிழித்து, கோடுகளை எண்ணி, அதைக் கூட்டி, கூட்டியதைச் சரிபார்த்து... அடுத்த கணக்கெடுப்பு வாசலுக்கு வந்துவிட்ட நேரத்தில்தான் முந்தையதன் கடைசித் தொகுதிகள் அச்சேறின.

கணக்கெடுப்பு அலுவலகத்தில் சேர்ந்தபோது ஹாலரித்துக்கு வயது இருபதுக்குள். இறப்புப் புள்ளிவிவரப் பிரிவின் தலைவர் டாக்டர் ஜான் ஷா பில்லிங்ஸ் வீட்டில் ஒரு ஞாயிறு மாலை விருந்து. இந்தக் கூட்டல் வேலையைச் செய்ய ஒரு யந்திரம் இருக்கவேண்டும் என்று பில்லிங்ஸ் போகிற போக்கில் சொன்னார். ஹாலரித் அந்தப் பேச்சைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார். முதலில் நீளக் காகித நாடாவில் துளை போட்டுப் பார்த்தார். சரிவரவில்லை. பிறகு ஆளுக்கொரு அட்டை. ரயிலில் கண்டக்டர் பயணியின் முடி நிறம், கண் நிறம், மூக்கு வாகு எல்லாவற்றையும் டிக்கெட்டில் துளையாகப் போட்டுவிடுவதைப் பார்த்ததுதான் அட்டைக்கு வித்து என்று அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

பால்டிமோரின் இறப்புப் பதிவுகளை அட்டையில் ஏற்றியபோது அவர் கையில் இருந்ததும் அதே கண்டக்டர் கத்தரிதான். நாள் முழுக்க அதை அழுத்தி அழுத்திக் கை ஓய்ந்துபோயிற்று.

அந்த வலியில் இருந்துதான் இந்த வாரக் கதை ஆரம்பம்.

★ ★ ★

கண்டக்டர் கத்தரியின் வாய் சின்னது. அட்டையின் ஓரத்தைக் கடிக்கும், நடுவுக்கு எட்டாது. அதனால் பால்டிமோர் அட்டைகளில் துளைகள் எல்லாம் விளிம்போடு ஒட்டியே இருந்தன. அட்டையின் வயிற்றுப் பகுதி முழுக்க வெறும் வெள்ளை.

இந்த இடத்தைப் பலரும் கைவலியோடு தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது. ஒரு மனிதனைப் பற்றி அட்டைக்கு எவ்வளவு தெரியலாம் என்பதை அட்டையின் அளவோ, படிக்கிற யந்திரத்தின் சாமர்த்தியமோ தீர்மானிக்கவில்லை. துளை போடுகிற கருவியின் வாய் நீளம் தீர்மானித்தது! வயது, பால், நிறம், பிறந்த ஊர், தொழில், அப்பா பிறந்த நாடு, அம்மா பிறந்த நாடு, எழுதப் படிக்கத் தெரியுமா, கல்யாணம் ஆனவரா என்று கேட்கிற தேசியக் கணக்கெடுப்புக்கு விளிம்பு மட்டும் எப்படிப் போதும்?

ஹாலரித் செய்த மாற்றுக் கருவியில் இரண்டு பாகம். முன்னால், உட்கார்ந்திருப்பவரின் கைக்கு அருகே, துளைகள் நிறைந்த ஒரு பலகை. ஒவ்வொரு துளைக்குப் பக்கத்திலும் ஓர் எழுத்தோ எண்ணோ. பின்னால், சட்டத்துக்குள் செருகிய வெற்று அட்டை. இரண்டையும் இணைத்து ஒரு நீண்ட கை. அந்தக் கையின் முனையைப் பிடித்துப் பலகையின் எந்தத் துளையில் இறக்குகிறோமோ, பின்னால் அட்டையில் அதற்கு நேரான இடத்தில் ஓட்டை விழும். படத்தைப் பெரிதாக்கி வரைய ஓவியர்கள் பயன்படுத்தும் பான்டோகிராஃப் இருக்கிறதே, அதன் தத்துவம்தான்.

கத்தரியை நசுக்குகிற வேலை போயிற்று. மணிக்கட்டை நகர்த்தி அழுத்தினால் போதும். ஓரம், நடு எல்லாம் ஒன்றுதான். அட்டையில் துளை போடக்கூடிய இடங்கள் 288 ஆயின.

கீபோர்டுக்கு முந்தைய கீபோர்டு என்று இதைச் சொல்லலாம். நம்மூரில் டேட்டா என்ட்ரி என்று சொல்கிறோமே, அந்த வேலைக்கென்றே செய்த முதல் நாற்காலியும் மேஜையும் இங்கே தயாராகிவிட்டன.

★ ★ ★

1889. புதிய கணக்கெடுப்புக்குப் பொறுப்பேற்ற ராபர்ட் போர்ட்டர் முன்னால் ஒரு கேள்வி: பழைய மாதிரி கோடு கிழிக்கிற வேலைக்கே போவதா, வேறு வழி உண்டா?

போட்டி வைத்தார்கள். மூன்று பேர் வந்தார்கள்.

ஒருவர் வில்லியம் ஹன்ட். ஆளுக்கொரு சீட்டு, விவரங்களை வெவ்வேறு வண்ண மையில் எழுதி, சீட்டுகளைக் கையால் பிரித்து அடுக்கி எண்ணுவது அவர் வழி. இன்னொருவர் சார்லஸ் பிட்ஜின். அவருடையது வண்ண வண்ண அட்டைத் துண்டுகள். (இந்த பிட்ஜின் பின்னாளில் நாவல் எழுதி நன்றாகவே பெயர் வாங்கினார். புள்ளிவிவரத்தில் தோற்றவர்களுக்கும் பிழைக்க வழி உண்டு.) மூன்றாமவர் ஹாலரித்.

செயின்ட் லூயிஸ் நகரத்தின் நான்கு வட்டாரங்களில் 1880-ல் எழுதிய பழைய ஏடுகளை எடுத்து மூன்று பேருக்கும் கொடுத்தார்கள். மொத்தம் 10,491 பேர். முதல் வேலை, ஏட்டில் இருப்பதை அவரவர் சீட்டுக்கோ துண்டுக்கோ அட்டைக்கோ மாற்றவேண்டும். இரண்டாவது வேலை, மாற்றியதை வகை பிரித்து எண்ணவேண்டும். இரண்டுக்கும் தனித்தனியாக நேரம் குறித்தார்கள்.

முதலில் இரண்டாவது வேலையின் முடிவைப் பார்ப்போம். எல்லோரும் அதைத்தான் முதலில் பார்த்தார்கள்.

எண்ணி முடிக்க ஹன்ட்டின் சீட்டுகளுக்கு ஆன நேரம் 55 மணி 22 நிமிடம். பிட்ஜினின் துண்டுகளுக்கு 44 மணி 41 நிமிடம். ஹாலரித்தின் யந்திரத்துக்கு 5 மணி 28 நிமிடம்.

போட்டி அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. பத்தில் ஒரு பங்கு நேரம்! யாரால் மறுக்க முடியும்? கணினியின் கதையைச் சொல்கிற புத்தகங்கள் பலவும் இந்த ஐந்தரை மணி நேரத்தைத்தான் தூக்கிப் பிடிக்கும். தப்பில்லை, அது நிஜமான சாதனை.

ஆனால் முதல் வேலையின் நேரத்தையும் ஒருமுறை பாருங்கள்.

ஏட்டிலிருந்து எடுத்து மாற்ற ஹன்ட்டுக்கு 144 மணி 25 நிமிடம். பிட்ஜினுக்கு 110 மணி 56 நிமிடம். ஹாலரித்துக்கு 72 மணி 27 நிமிடம்.

இதிலும் ஹாலரித்தான் முதல். ஆனால் ஜெயித்த விகிதம் வேறு. எண்ணுவதில் பிட்ஜினை எட்டு மடங்கு முந்தியவர், மாற்றி எழுதுவதில் ஒன்றரை மடங்குதான் முந்துகிறார். மனிதக் கையை அதற்கு மேல் விரட்ட முடியவில்லை.

ஹாலரித்தின் மொத்த நேரத்தைக் கூட்டுங்கள். கிட்டத்தட்ட 78 மணி. அதில் யந்திரம் எண்ணியது ஐந்தரை மணி. மீதி எழுபத்திரண்டும் ஒரு ஆள் உட்கார்ந்து, ஏட்டைப் பார்த்து, துளை போட்ட நேரம். நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பங்கு.

பழைய முறையில் பாரம் எண்ணுவதில் இருந்தது. புதிய முறையில் அது நுழைப்பதற்கு இடம் மாறிவிட்டது. யந்திரத்துக்குப் பசி அதிகம், வேகம் அதிகம். ஊட்டுகிற கை மட்டும் பழைய கைதான். இந்தத் தொடர் முழுக்க நாம் சந்திக்கப்போகிற சிக்கல் இது. 1889-ல் ஒரு தாளில் இரண்டு வரிசை எண்களாக அது எழுதி வைக்கப்பட்டிருந்தது. யாரும் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.

★ ★ ★

1890 ஜூன். நாடு முழுக்க 46,000-க்கும் மேற்பட்ட கணக்கெடுப்பாளர்கள் கிளம்பினார்கள். இந்த முறை ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித் தாள். தாள்கள் மூட்டை மூட்டையாக வாஷிங்டனுக்கு வந்து சேர்ந்தன.

மொத்தம் எத்தனை பேர் என்பதை உடனே சொல்லியாகவேண்டும். அதற்கு அட்டை போட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. எனவே ஹாலரித் இன்னொரு சின்ன ஏற்பாடு செய்தார். இதில் அட்டையே கிடையாது. எண்கள் போட்ட கட்டைகள் கொண்ட ஒரு பலகை, அதற்கு மின்கம்பியில் இணைத்த எண்ணும் முகங்கள். குடும்பத் தாளை எடு, அந்தக் குடும்பத்தில் ஐந்து பேர் என்றால் ஐந்தாம் எண் கட்டையை அழுத்து, தாளைத் திருப்பு, அடுத்தது. ஒருமுறை எண்ணியதை வேறொருவர் திரும்ப எண்ணினார்.

முதல் கணக்கு சில வாரங்களில் கைக்கு வந்தது. 6,26,22,250.

நாடு கொந்தளித்தது!

பத்து வருடத்தில் ஒன்றேகால் கோடிப் பேர் கூடியிருக்கிறார்கள், அது போதவில்லை. இன்னும் பெரிய எண்ணை எதிர்பார்த்திருந்தார்கள். பத்திரிகைகள் யந்திரத்தின் மேல் பாய்ந்தன. மின்சாரம் மக்களை விழுங்கிவிட்டதாம். நியூயார்க் நகரம் சும்மா இருக்கவில்லை. தன் போலீஸ்காரர்களை வீடு வீடாக அனுப்பித் தானே எண்ணியது. வாஷிங்டன் சொன்னதைவிடக் கிட்டத்தட்ட 2,00,000 பேர் கூடுதலாக வந்தார்கள். போர்ட்டர் அசையவில்லை, மறு எண்ணிக்கை கிடையாது என்று சொல்லிவிட்டார்.

யார் பக்கம் நியாயம் என்று இப்போது தீர்ப்புச் சொல்வது கஷ்டம். நகரத்துக்குத் தன் எண்ணிக்கை பெரிதாக இருப்பதில் லாபம் உண்டு. வீட்டுக்கதவைத் தட்டாமலே போன கணக்கெடுப்பாளரும் உண்டு. ஒன்று மட்டும் நிச்சயம்: சண்டை யந்திரத்தைச் சுற்றி நடந்தது, பிழை இருந்தால் அது யந்திரத்துக்கு வருவதற்கு முன்பே, தாளில் நுழைந்திருக்கும். தாளில் ஏறாத ஆளை எந்தக் கட்டையை அழுத்தி எண்ணுவது?

★ ★ ★

தலை எண்ணிக்கை முடிந்தது. இனிமேல்தான் நிஜமான வேலை.

ஆறேகால் கோடிப் பேருக்கும் ஆளுக்கொரு அட்டை. மூன்றேகால் அங்குல அகலம், ஆறரை அங்குலத்துக்குச் சற்று மேல் நீளம். அட்டையில் எதுவும் அச்சிடவில்லை. இரண்டு பக்கமும் வெறுமை. ஒரு மூலையை மட்டும் வெட்டிவிட்டிருந்தார்கள், திருப்பி வைத்துவிட்டால் கண்ணில் படவேண்டும் என்பதற்காக. பான்டோகிராஃப் கருவிகளை பிராட் அண்ட் விட்னி நிறுவனம் செய்து கொடுத்தது. எண்ணும் யந்திரங்களை வெஸ்டர்ன் எலக்ட்ரிக். கணக்கெடுப்பு அலுவலகம் யந்திரங்களை வாங்கவில்லை, வாடகைக்குத்தான் எடுத்தது. கணினித் தொழிலின் இன்னொரு பழக்கமும் இப்படித் தொடங்கிற்று, அதைப் பிறகு பார்ப்போம்.

ஒரு அட்டை எப்படிப் பிறந்தது என்று கிட்டே போய்ப் பார்க்கலாம்.

ஊர், வட்டாரம் ஆகியவை ஒரே தெருக்காரர்கள் எல்லோருக்கும் ஒன்றுதான். அதை ஒவ்வொரு அட்டையிலும் திரும்பத் திரும்பக் குத்தவேண்டாம். அட்டையின் இடது ஓரத்தில் அதற்கென்று நாலு வரிசை ஒதுக்கி, வேறொரு கருவியால் பல அட்டைகளை ஒன்றாக வைத்து ஒரே அழுத்தில் குத்திவிட்டார்கள். இப்படி ஊர்பேர் ஏறிய அட்டைக் கட்டு, குடும்பத் தாள்களோடு சேர்ந்து பான்டோகிராஃப் மேஜைக்கு வரும்.

அங்கே ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். வைத்துக்கொள்ளத் தேவையே இல்லை, அந்தக் கூடத்தில் பெண்கள் கணிசமாகவே இருந்தார்கள். ஹாலரித்தின் பெயர் நமக்குத் தெரியும், போர்ட்டரின் பெயர் தெரியும். அவள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

தாளில் ஒரு வரி. வெள்ளைக்காரப் பெண்மணி. வயது 37. கணவனை இழந்தவர். பிறந்தது ஜெர்மனி. துணி வெளுக்கிறார். (உதாரணத்துக்கு நான் சொல்வது, அந்த மாதிரி ஆயிரக்கணக்கான வரிகள் இருந்திருக்கும்.)

இடது கை வரியில். வலது கை நெம்புகோலின் முனையில். பால்: ஒரு துளை. நிறம்: ஒரு துளை. இந்த இடத்தில் பலகையில் வெள்ளை, கறுப்பு என்பதோடு நிற்கவில்லை. அரை ரத்தம், கால் ரத்தம், அரைக்கால் ரத்தம் என்றெல்லாம் தனித்தனித் துளை. அரசாங்கம் கேட்கச் சொன்னது, பலகை இடம் கொடுத்தது. வயதுக்கு இரண்டு துளை: ஐந்தைந்தாகப் போகும் வரிசையில் 35, பிறகு பக்கத்தில் 2. கணவனை இழந்தவர்: ஒரு துளை. பிறந்த நாடு. தகப்பன் பிறந்த நாடு. தாய் பிறந்த நாடு. தொழிலுக்கு மட்டும் மனசுக்குள் ஒரு பட்டியலைப் புரட்டவேண்டும். துணி வெளுப்பவருக்கு எந்தக் குறி என்பது பழகப் பழகத்தான் கைக்கு வரும்.

பார்க்க யந்திர வேலை மாதிரி இருக்கும். ஆனால் கணக்கெடுப்பாளர் அவசரத்தில் கிறுக்கியது 37-ஆ 31-ஆ? அது மனைவி என்ற எழுத்தா, மகள் என்ற எழுத்தா? மேஜையில் இருப்பவள் ஒரு கணத்தில் முடிவு செய்யவேண்டும். செய்தாயிற்று என்றால் துளை விழுந்துவிடும். ஏட்டில் மங்கலாக இருந்தது அட்டையில் தெளிவாகிவிடுகிறது. சந்தேகத்துக்கென்று பலகையில் இடம் கிடையாது.

ஒருவர் ஒரு நாளைக்கு 500 அட்டை போட்டால் போதும் என்று எதிர்பார்த்தார்கள். சராசரி 700 வரை வந்தது. கைதேர்ந்தவர்கள் ஆயிரத்தைத் தாண்டினார்கள். சரி, 700 என்றே வைத்துக் கணக்குப் போடுங்கள்: ஆறேகால் கோடி அட்டை என்றால் ஏறக்குறைய 89,000 ஆள்-நாள். வருடத்தில் 300 நாள் வேலை என்றால், கிட்டத்தட்ட 300 பேர் ஒரு முழு வருடம் வேறு எதுவும் செய்யாமல் துளை மட்டுமே போடவேண்டும்.

செயின்ட் லூயிஸ் போட்டியில் மணிக்கு 145 அட்டை ஓடியிருக்கிறது. அந்த ஓட்டத்தை வருடம் பூரா எந்தக் கையும் ஓடாது.

★ ★ ★

துளை போட்ட அட்டைகள் அடுத்து எண்ணும் யந்திரத்துக்குப் போயின.

கீழே இட்லித் தட்டு மாதிரி குழிகள், குழி ஒவ்வொன்றிலும் மாவுக்குப் பதில் பாதரசம். அதன் மேல் அட்டை. அதற்கு மேலே, வில் வைத்த ஊசிகள் நிறைந்த மூடி. கைப்பிடியைக் கீழே இழுத்தால் ஊசிகள் இறங்கும். அட்டை தடுத்த இடத்தில் ஊசி உள்ளுக்குப் போய்விடும். துளை இருந்த இடத்தில் மட்டும் ஊசி பாதரசத்தைத் தொடும். மின்சாரம் பாயும். எதிரே நிற்கிற பலகையில் 40 முகங்கள், ஒவ்வொன்றிலும் கடிகாரம் போல் இரண்டு முள், 9,999 வரை எண்ணும். எந்த எந்தத் துளைக்கு எந்த முகம் என்று கம்பி இணைத்திருக்கிறார்களோ, அந்த முகத்தின் முள் ஒரு கட்டம் நகரும். பக்கத்திலிருக்கும் பெட்டியில் ஓர் அறையின் மூடி தானாகத் திறக்கும். அட்டையை அதில் போட்டு மூடியைச் சாத்திவிட்டு அடுத்ததை எடுக்கவேண்டும்.

கூடவே ஒரு மணி அடிக்கும்.

அந்த மணிதான் ஹாலரித்தின் சாமர்த்தியம் என்று நான் நினைக்கிறேன். அட்டை ஒழுங்காக எண்ணப்பட்டால்தான் மணி. பால் என்ற இடத்தில் துளையே இல்லை, அட்டை கோணலாக உட்கார்ந்திருக்கிறது, ஒன்றுக்கொன்று பொருந்தாத துளைகள் விழுந்திருக்கின்றன என்றால் மணி அடிக்காது. அட்டையைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மேலே போகலாம். பிறகு ஏட்டோடு ஒத்துப்பார்த்துச் சரிசெய்துகொள்வார்கள். ஒரே வட்டாரத்து அட்டைக் கட்டுக்குள் வேற்றூர் அட்டை கலந்துவிட்டதா என்று பார்க்க அதைவிட எளிய வழி: கட்டை நேராக அடுக்கி, ஊர்த்துளை வழியாக ஒரு கம்பியை விடுவது. கம்பி மறுபக்கம் வந்தால் எல்லாம் ஒரே ஊர். நடுவில் இடித்தால் ஏதோ ஒன்று வேற்றூர்.

நாள் முழுக்க அந்தக் கூடத்தில் மணிச்சத்தம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கும். அலுத்துப்போன சில ஊழியர்கள் குழியிலிருந்து பாதரசத்தை உறிஞ்சி எச்சில் கிண்ணத்தில் விட்டுவிடுவார்களாம். யந்திரம் நிற்கும், ரிப்பேர் ஆள் வரும்வரை ஓய்வு. இந்தக் கதை அந்த அலுவலகத்திலிருந்து வழிவழியாக வந்தது. எனக்கு நம்பத் தோன்றுகிறது.

வேலை நடந்தது. 1880-ஐவிட வெகு விரைவாக, வெகு விரிவாக. பழைய முறையில் கேட்கவே துணியாத கேள்விகளை இப்போது கேட்டார்கள்: இந்த மாநிலத்தில், இந்த வயதுக்குள், வெளிநாட்டில் பிறந்த தாய் தகப்பனுக்குப் பிறந்து, இந்தத் தொழில் செய்கிறவர்கள் எத்தனை பேர்? கம்பியை மாற்றி இணைத்து, அட்டைகளை இன்னொரு முறை ஓட்டினால் பதில்.

செலவு குறைந்ததா? 1880 கணக்கெடுப்புக்கு ஆனது சுமார் 58 லட்சம் டாலர். 1890-க்கு சுமார் 1 கோடியே 15 லட்சம். யந்திரம் காசை மிச்சப்படுத்தும் என்று நம்பி வாங்கிய எந்த அலுவலகமும் இந்த இரண்டு எண்களைப் பார்த்தால் லேசாகச் சிரித்துக்கொள்ளும். எண்ணுவது சுலபமானதும் எண்ண வேண்டியது பெருகிவிட்டது.

ஹாலரித் பதக்கம் வாங்கினார். ஐரோப்பிய அரசாங்கங்கள் கதவைத் தட்டின. அதெல்லாம் இனி வரும் பாகங்களில்.

★ ★ ★

இப்போது மணிக்கே திரும்ப வருவோம். அதைப் பற்றி ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது.

துளை விடுபட்டால் மணி அடிக்காது. பொருந்தாத துளை விழுந்தால் அடிக்காது. சரி. நம் ஜெர்மானியப் பெண்மணிக்கு 37 என்பதை அவசரத்தில் 31 என்று குத்திவிட்டால்?

மணி அடிக்கும். நன்றாகவே அடிக்கும்.

31 வயதில் கணவனை இழந்த சலவைக்காரி இருக்கக் கூடாதா என்ன? அட்டையைப் பொறுத்தவரை அது முழு உண்மை. யந்திரத்துக்கு ஏடு தெரியாது, அட்டைதான் தெரியும். அர்த்தமில்லாத பிழையை அது பிடிக்கும். அர்த்தமுள்ள பிழையை வாழ்த்தி அனுப்பிவிடும்.

ஏட்டை எடுத்து ஒத்துப்பார்த்தால் தெரிந்துவிடுமே என்று கேட்கலாம். 1921 ஜனவரி 10 அன்று வாஷிங்டனில் வணிகத் துறைக் கட்டடத்தின் அடித்தளத்தில் தீப்பிடித்தது. 1890-ன் குடும்பத் தாள்கள் அங்கேதான் இருந்தன. ஒரு பகுதி தீயில் போயிற்று, இன்னும் நிறைய புகையிலும் தீயணைத்த தண்ணீரிலும் கெட்டது. மிச்சமிருந்ததையும் 1930-களில் அரசாங்கமே அனுமதி கொடுத்து அழித்துவிட்டது. ஆறேகால் கோடிப் பேரில் இன்று தாளில் பெயர் மிஞ்சியிருப்பவர்கள் ஆறாயிரத்துச் சொச்சம். அட்டவணைகள் பத்திரமாக இருக்கின்றன. 1890-ல் எத்தனை மணி பொய்யாக அடித்தது என்பதை இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

ஆனால் இன்னொரு கணக்கெடுப்பில் கண்டுபிடித்தார்கள்.

அறுபது வருடம் தாண்டுவோம். 1950. பான்டோகிராஃப் போய், விரலால் தட்டுகிற பொறிகள் வந்துவிட்டன. 1951-ல் யுனிவாக் என்ற நிஜக் கணினியே கணக்கெடுப்பு அலுவலகத்துக்கு வந்துவிட்டது. அட்டை மட்டும் போகவில்லை; அட்டைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆளும் போகவில்லை. அட்டவணைகள் வெளியாகிப் பல வருடம் எல்லோரும் அதைப் பயன்படுத்தினார்கள்.

பிரின்ஸ்டனில் ஆன்ஸ்லி கோல், ஃபிரெடரிக் ஸ்டீஃபன் என்று இரண்டு பேராசிரியர்கள். திருமண நிலை அட்டவணையை வயது வாரியாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். அந்தக் கணக்கெடுப்பில் அந்த அட்டவணையின் முதல் வயது 14. மனைவியை இழந்த ஆண்கள் என்ற பகுதியில் 14 வயதுக்கு நேரே 1,600-க்கும் மேலான எண் நின்றது.

பதினாலு வயதில் கல்யாணம் ஆகி, மனைவியும் இறந்துபோன பையன்கள் ஆயிரத்தறுநூறு பேர்!

அதைவிட விநோதம் அடுத்த வரிகளில். 15 வயதில் அந்த எண்ணிக்கை குறைகிறது. 16-ல் இன்னும் குறைகிறது. வயது ஏற ஏற, மனைவியை இழந்தவர்கள் கூடத்தானே வேண்டும்? இங்கே குறைந்துகொண்டே போகிறார்கள். அதே கணக்கெடுப்பில் அமெரிக்கப் பூர்வகுடி மக்களின் எண்ணிக்கையிலும் சில வயதுகளில் இதேபோல் ஒரு கோணல் தெரிந்தது. இரண்டுக்கும் ஒன்றுக்கொன்று சம்பந்தம் இருப்பதாக யாருக்கும் முதல் பார்வையில் தோன்றாது.

அந்த அட்டைகள் அத்தனையும் யந்திரத்தின் சோதனைகளைத் தாண்டி வந்தவை. எதிலும் துளை விடுபடவில்லை.

அப்படியானால் அந்தப் பையன்கள் யார்? பூர்வகுடிக் கணக்கின் கோணலுக்கும் அவர்களுக்கும் என்ன உறவு?

(தொடரும்)